அமுதாவை சக்‌ஷனிலிருந்து கழற்றிய பகல்

அறுவைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம், மார்புக்குள் குழாய் போடுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதை உங்களுக்குச் செய்து காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கைகளும் என் கைகளைவிட உறுதியானவை. குழாய் போட்டு, தையல் போட்டு, கையுறையைக் கழற்றிய பிறகு ஆரம்பிக்கும் வேலையைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். அதில் எனக்கு நேர்ந்த ஒன்று பல வருடமாக மனதில் கிடக்கிறது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அனுபவம் இல்லை. ஆனாலும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதைச் சொல்லவே தோன்றுகிறது.

நான் தங்கச் சுரங்கத்து நந்திதுர்க்கில் பிறந்தவள். என் அப்பா காலத்தில் எங்கள் ஊர்க்காரர்களின் நெஞ்சு கெட்டது சுரங்கத்துத் தூசியால். நான் டாக்டராகத் திரும்பி வந்தபோது சுரங்கம் மூடியாகிவிட்டது. இப்போது நெஞ்சில் அடிபட்டு வருகிறவர்கள் வேறு மாதிரி வருகிறார்கள். விடியற்கால ரயிலில் இடம் பிடிக்க ஓடி விழுந்தவர்கள், பேத்தமங்களா ரோட்டில் தக்காளி வண்டியோடு மோதியவர்கள், மார்க்கெட்டில் மாடு முட்டியவர்கள். விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்தினால், காற்றும் ரத்தமும் நுரையீரலுக்கு வெளியே சேர்ந்து அதை அமுக்கும். குழாய் போட்டு அவற்றை வெளியே எடுத்தால் நுரையீரல் மறுபடி விரியும். குழாயின் மறுமுனையைத் தரையில் இருக்கும் பாட்டிலில், தண்ணீருக்குள் மூழ்க வைப்போம். காற்று குமிழியாக வெளியே போகும். திரும்பி உள்ளே வராது.

இதுவரைக்கும் சண்டை இல்லை. அந்த பாட்டிலை அப்படியே விட்டுவிடுவதா, அல்லது சக்‌ஷன் மெஷினை மாட்டிக் காற்றையும் ரத்தத்தையும் மெதுவாக உறிஞ்சி இழுப்பதா என்பதில்தான் எனக்கும் எங்கள் சீஃபுக்கும் ஒத்துப்போகவில்லை. சீஃப் என்றால் எங்கள் தலைமை சர்ஜன். தார்வாட் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழை எங்கள் நோயாளிகளிடமே கற்றுக்கொண்டவர். வெறும் பாட்டில் போதும், ஆள் எழுந்து நடந்தால் நுரையீரல் தானாக விரியும் என்பது அவர் கட்சி. நான் படித்த இடத்தில் எல்லாருக்கும் சக்‌ஷன்தான். உள்ளே ரத்தம் தேங்கி உறைந்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது, முதலிலேயே இழுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு நாள் டீ குடிக்கும்போது சீஃப் சொன்னார்: "நீங்க ஒரு பக்கம் இழுக்கறீங்க, நான் ஒரு பக்கம் இழுக்கறேன். நடுவுல நோயாளி மாட்டிக்கிட்டார். நம்ம ரெண்டு பேர் பேச்சும் வேண்டாம். வர்றவங்களைப் பாதிப் பாதியா பிரிச்சுப் பாத்துடலாம்."

முறையாக அனுமதி வாங்கினோம். அடிபட்டு வருகிறவர்களிடம் விளக்கிச் சொல்லி, சம்மதித்தவர்களை மட்டும் சேர்த்தோம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதையும் சொல்வோம். யாருக்கு எது என்பதை நானோ அவரோ தீர்மானிக்கக் கூடாது என்பதால் ஒரு டப்பாவில் மடித்த சீட்டுகள் இருந்தன. வார்டு இன்சார்ஜ் ரெஜினா சிஸ்டர் அதைக் குலுக்கி ஒன்றை எடுப்பார். சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான்.

அமுதா எங்களிடம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்கள் ஊர்ச் சுரங்கங்களில் ஒன்றான மைசூர் மைன்ஸ் பக்கம் வீடு. தினமும் முதல் ரயிலில் பெங்களூருக்குப் போய், ஒரு கம்பெனி கேண்டீனில் சமையல் செய்துவிட்டுத் திரும்புகிறவள். அன்று அவளும் அவள் கணவர் முரளியும் பேத்தமங்களாவில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு பைக்கில் வந்துகொண்டிருந்தார்கள். திருப்பத்தில் எதிரே வந்த தக்காளி வண்டி இடித்தது. அவளுக்கு இடது பக்கம் வரிசையாக விலா எலும்புகள் முறிந்திருந்தன. அவருக்கு அடி இன்னும் பலமாக இருந்தது. மார்பு, வயிறு, இடுப்பு மூன்றிலும் அடி. சீஃப் அவரை நேராக ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துப் போனார். நான் அமுதாவுக்குக் குழாய் போட்டேன். சம்மதம் கேட்டபோது, "அவர மொதல்ல பாருங்க, எனக்கு எதுனா பண்ணுங்க," என்றாள். நான் விடாமல் இரண்டு தடவை விளக்கிச் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சீட்டில் சக்‌ஷன் வந்தது.

மெஷின் நல்ல கனம். சுவரில் இருக்கும் கரண்ட் பிளக்கில் மாட்டியிருக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன மெஷினும், வேறு கட்டடத்தில் மாட்ட உபரி மெஷினும் எங்களிடம் இல்லை. ஆகவே சக்‌ஷனில் இருப்பவர் கட்டிலை விட்டு நாலடிக்கு மேல் நகர முடியாது. அமுதாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் பாப்பம்மா இருந்தார். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்கிறவர். மாடு முட்டி வந்தவர். அவருக்குச் சீட்டில் வெறும் பாட்டில். அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வராந்தா முழுக்க நடப்பார். மற்ற கட்டில்களில் போய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். பாட்டிலை மேலே தூக்காதீர்கள், மார்புக்குக் கீழேயே இருக்கட்டும் என்று நாங்கள் சொன்னதை, அடுத்தடுத்து வந்தவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் அமுதாவின் எக்ஸ்ரேவைப் பார்த்தேன். நுரையீரல் கிட்டத்தட்ட முழுசாக விரிந்திருந்தது. காற்று இன்னும் கசிந்துகொண்டுதான் இருந்தது, பாட்டிலில் குமிழி வந்தது. ஆனால் ரத்தம் நன்றாக வெளியேறியிருந்தது. படத்தை சீஃபிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "பாப்பம்மா படத்தையும் பாருங்க," என்றார். அதுவும் நன்றாகவே இருந்தது.

அமுதா கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அவர் எப்படி இருக்காரு டாக்டரம்மா?"

முரளி எதிர்க் கட்டடத்தில், ஐ.சி.யு.வில் இருந்தார். எங்கள் வார்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு முற்றம், அதைத் தாண்டி மேலே ஏறும் நீளமான சரிவுப் பாதை. அறுவை முடிந்து நினைவு திரும்பியிருந்தது. பேசினார். ஆனால் ரத்த அழுத்தம் மருந்தின் தயவில் நின்றுகொண்டிருந்தது. மூத்திரம் குறைந்துகொண்டே போனது. பெங்களூருக்கு அனுப்பலாம் என்றால் வழியிலேயே போய்விடுவார் என்ற நிலை. அமுதாவிடம் நான் மழுப்பவில்லை. "ரொம்ப சீரியஸ்தான்மா, பாத்துகினு இருக்கோம்," என்று சொன்னேன். முரளியின் அண்ணன் போனில் வீடியோ போட்டு இருவருக்கும் முகத்தைக் காட்டினார். அமுதா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"மாஸ்க்குதான் தெரியுது. அவர் இன்னா சொல்றாருன்னு ஒண்ணும் கேக்கல," என்றாள். பிறகு பாப்பம்மாவின் பாட்டிலைக் காட்டி, "அவங்க மாதிரி எனக்கும் வெறும் பாட்டில் குடுத்திருந்தா நான் நடந்தே போயிருப்பேன் இல்ல?" என்று கேட்டாள். சீட்டு அப்படி விழுந்தது என்று ஒரு மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம். ஐ.சி.யு.விலிருந்து போன் வந்தது. மருந்தை ஏற்றிக்கொண்டே போகிறோம், அழுத்தம் நிற்கவில்லை என்றார் அங்கிருந்த டாக்டர். போனை வைப்பதற்குள் முரளியின் அண்ணன் வார்டு வாசலில் நின்றிருந்தார். மூச்சு வாங்க ஓடி வந்திருந்தார்.

"டாக்டரம்மா, தம்பி அமுதாவையே கேட்டுகினு இருக்கான். ஒரே ஒரு தபா கூட்டினு வாங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

அமுதா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்தாள்.

நீங்களும் இப்படி ஒரு இடத்தில் நிற்பீர்கள். அப்போது புத்தகத்தில் படித்தது எல்லாம் இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும். சக்‌ஷனை எடுத்தாலும் பாட்டில் இருக்கிறது, காற்று அதன் வழியே போகும், பாப்பம்மாவைப் பார், நன்றாக நடக்கிறார். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இவள் நுரையீரல் இன்னும் கசிகிறது. மெஷின் இழுப்பதால்தான் அது விரிந்து நிற்கிறதா, இழுக்காவிட்டாலும் நிற்குமா என்பது யாருக்கும் தெரியாது. சுருங்கினால் உள்ளே மிச்சமிருக்கும் ரத்தம் அங்கேயே தங்கி உறையலாம்.

சீஃப் தியேட்டரில் இருந்தார். கதவைத் திறந்து, வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். கைகளை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் கசியுதா?"

"கசியுது சார்."

"மெஷினை எடுத்தா விரிஞ்சே நிக்கலாம். சுருங்கினாலும் சுருங்கலாம்."

"எதுன்னு நெனைக்கிறீங்க?"

"அது தெரியாமத்தானே இந்த வேலையையே ஆரம்பிச்சோம்," என்றார். பிறகு, "அந்தம்மா முன்னாடி நிக்கறது நீங்க. நீங்க பாத்து எது சரியோ செய்ங்க. நான் உங்க கூட இருக்கேன்," என்று சொல்லிவிட்டு மேஜை பக்கம் திரும்பினார்.

நான் அமுதாவின் கட்டிலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். மெஷினை எடுத்தால் நுரையீரல் மறுபடி சுருங்கலாம், காய்ச்சல் வரலாம், பெரிய ஆபரேஷன்கூட தேவைப்படலாம் என்று சொன்னேன். எதையும் குறைக்காமல்தான் சொன்னேன்.

அவள் கேட்டாள்: "சுருங்கினா இன்னொரு தபா விரிக்க வழி இருக்கு இல்ல?"

"இருக்கு. கஷ்டம், ஆனா இருக்கு."

"அவர் போயிட்டா?"

நான் எழுந்து மெஷினின் குழாயைக் கழற்றினேன்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. சக்‌ஷனை நிறுத்த வேண்டுமென்றால் சுவிட்சை மட்டும் அணைக்காதீர்கள். குழாயை மெஷினிலிருந்து பிடுங்கிவிடுங்கள். அணைத்த மெஷினோடு குழாய் மாட்டியே இருந்தால் காற்று வெளியே போக வழி இல்லை, வாயைப் பொத்தியது மாதிரி ஆகிவிடும். அதே போல, அழைத்துப் போகும்போது குழாயில் கிளிப் போடாதீர்கள். எங்கள் அட்டெண்டர் வழக்கம்போல ஒரு கிளிப்பை எடுத்து வந்தார். கசிகிற நுரையீரலுக்குக் கிளிப் போட்டால் உள்ளே காற்று சேர்ந்து இதயத்தையே தள்ளிவிடும். "வேணாம், அத அங்கயே வைங்க," என்று நான் சொன்ன குரலில் அவர் பயந்துபோனார்.

வீல்சேரில் உட்கார வைத்தோம். பாட்டிலை நானே குனிந்து பிடித்துக்கொண்டேன். ரெஜினா சிஸ்டர் விரலில் மாட்டும் மீட்டரோடும் ஆக்ஸிஜன் சிலிண்டரோடும் பக்கத்தில் வந்தார். பாப்பம்மா தன் கட்டிலிலிருந்து, "தைரியமா போ தாயி. பாட்டில் கீழயே இருக்கட்டும்," என்றார்.

முற்றத்தைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. சரிவில் பாதி ஏறியபோது அமுதாவின் மூச்சு வேகமானது. உதட்டை இறுக்கிக்கொண்டாள். சிஸ்டர் மீட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டாக்டர், எறங்குது. திரும்பிடலாமா?"

நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பாட்டிலைப் பார்த்தேன். குமிழி வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. அப்படியென்றால் அடைப்பு இல்லை, உயிருக்கு உடனே ஆபத்து இல்லை. நுரையீரல் கொஞ்சம் சுருங்குகிறது, அவ்வளவுதான். கீழே போனால் மெஷின், மேலே போனால் முரளி. ஆக்ஸிஜனைக் கூட்டினேன். அமுதாவின் முகத்துக்கு நேரே குனிந்து, "முடியுமா?" என்று கேட்டேன்.

"நிறுத்தாதீங்க டாக்டரம்மா," என்றாள்.

"மேல போங்க," என்றேன்.

முரளி விழித்திருந்தார். முகம் வீங்கி மஞ்சளாக இருந்தது. வீல்சேர் அவர் கட்டிலை ஒட்டி நின்றதும் மாஸ்கைக் கையால் தள்ளிவிட்டு, "இன்னாமே, பாட்டில தூக்கினு ஊர்கோலம் வர்றியா?" என்றார். அமுதா சிரித்தாள். சிரித்ததும் விலா வலித்து முகம் சுருங்கியது. அவர் கையைத் தூக்கி அவள் முழங்காலில் வைத்தார். நான் பாட்டிலைத் தரையில் நிறுத்திவிட்டுத் திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. தாழ்ந்த குரல்தான் கேட்டது. நடுவில் ஒரு முறை அவர் இருமினார்.

என் கண் மீட்டரில்தான் இருந்தது. எண் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. போய்விடலாம் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்றும் தோன்றியது. "அமுதா, போலாமா?" என்று திரையை விலக்கிக் கேட்டேன். தலையசைத்தாள், ஆனால் நகரவில்லை. சிறிது நேரம் விட்டு மறுபடி கேட்டேன். மூன்றாவது முறை கேட்கவில்லை. "போலாம்மா, இனிமே தாங்காது," என்று சொல்லி வண்டியைத் திருப்பச் சொன்னேன். முரளி கண்ணை மூடியிருந்தார். அவள் கை அவர் கையை விட்டுப் பிரியும்போது அவர் கண்ணைத் திறக்கவில்லை.

வார்டுக்கு வந்து சக்‌ஷனை மாட்டினோம். அவள் மூச்சு சீரானது. நானும் மூச்சு விட்டேன்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்கு முன்பே முரளி போய்விட்டார். உடலை வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் ஆம்புலன்ஸை எங்கள் வார்டு வாசலில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்தார்கள். சக்‌ஷன் குழாய் ஜன்னல் வரைக்கும் எட்டியது. அமுதா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்று பார்த்தாள். காலேஜ் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த அவள் மகள் ரம்யா, ஆம்புலன்ஸில் ஏறியவள் இறங்கி ஓடி வந்து ஜன்னல் கம்பி வழியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாப்பம்மா பின்னால் நின்று அமுதாவின் இடுப்பைத் தாங்கியிருந்தார்.

அன்று மதியம் எடுத்த எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது. மெஷின் இழுத்தும் அது விரியவில்லை. குழாயை மாற்றினோம். உள்ளே ரத்தம் உறைந்துவிட்டது. ஒரு வாரத்தில் காய்ச்சல், சீழ். பெங்களூரில் மார்பைத் திறந்து, நுரையீரல்மேல் தோல்போல் படிந்துவிட்டதை உரித்தெடுத்தார்கள். பிழைத்து வந்துவிட்டாள். ஆனால் இடது தோள் முழுசாக உயரவில்லை. கொஞ்சம் வேலை செய்தாலே மார்பின் அந்தப் பக்கம் இழுத்துப் பிடித்தது. கேண்டீன் அண்டாவைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். அவள் இடத்தில் ரம்யாவை எடுத்துக்கொண்டார்கள். அவள் படிப்பை நிறுத்திவிட்டு அம்மா பிடித்த அதே ரயிலைப் பிடித்தாள். ஒரு தடவை ஏதோ வேலையாக அந்த ரயிலில் நான் பெங்களூர் போனபோது அவளைப் பார்த்தேன். கூட்டத்தில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை.

எங்கள் ஒப்பீடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அமுதாவை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதிலேயே தகராறு வந்தது. சக்‌ஷன் கணக்கில் வைத்தால் சக்‌ஷன் தோற்றது. வெறும் பாட்டில் கணக்கில் வைத்தால் பாட்டில் தோற்றது. இரண்டும் உண்மை இல்லை. அவளை விலக்கிவிடலாம் என்றேன். அப்புறம் வேறு வினை வந்தது. ஜன்னலில் நின்ற அமுதாவை வார்டு முழுக்கப் பார்த்திருந்தது. அடுத்து வந்தவர்களின் வீட்டார், "மெஷின் வேணாங்க, அதுல கட்டிப் போட்டா எழுந்து போக முடியாதாமே," என்று சீட்டு எடுக்கவே சம்மதிக்கவில்லை. சிலர் நேர்மாறாக, மெஷினிலிருந்து எடுத்ததால்தான் அந்த அம்மாவுக்கு அப்படி ஆனது, எங்களுக்கு மெஷின்தான் வேண்டும் என்றார்கள். வார்டிலேயே இரண்டு கட்சி உண்டாகிவிட்டது.

சீஃப் ஒரு நாள் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். "நிறுத்திடலாம்," என்றார்.

"என்னாலதானே சார்?"

"நீங்க செஞ்சது சரி. நான் உங்க எடத்துல இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன். ஆனா எது நல்லதுன்னு நமக்கு இனிமே தெரியாது. அதான் வருத்தமா இருக்கு," என்றார். நாங்கள் சேர்த்த கொஞ்சப் பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவரவர் பழக்கப்படி அவரவர் செய்தோம். நானும் சக்‌ஷன் போட்டேன், சில பேருக்குப் போடவில்லை. ஏன் போட்டேன், ஏன் போடவில்லை என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எத்தனையோ பேர் அந்த வார்டில் படுத்து எழுந்து போனார்கள். அவர்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டிருக்க வேண்டியதைக் கற்றுக்கொள்ளவில்லை. வெளியூர்களில் பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள், அவர்களும் ஒரே குரலில் பேசுவதில்லை. நீங்கள் செய்ய முடிந்தால் செய்யுங்கள். ஆனால் மெஷினில் இருப்பவர் ஒரு அவசரத்துக்கு எழுந்து போக என்ன வழி என்பதை முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். நாங்கள் யோசித்தது நுரையீரலைப் பற்றி மட்டும்தான்.

என் மனதில் அந்தப் பகலை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. கழற்றியதைப் பற்றி நான் வருத்தப்பட்டதில்லை. சரிவில் நின்று மேலே போகச் சொன்னதைப் பற்றியும் இல்லை. அந்தத் திரைக்கு வெளியே நான் நின்ற நேரம்தான் என்னைக் குடைந்தது. முதல் தடவை "போலாமா" என்று கேட்டபோதே வண்டியைத் திருப்பியிருந்தால் நுரையீரல் அவ்வளவு சுருங்கியிருக்காதோ, ரத்தம் உறைந்திருக்காதோ, ரம்யா படித்துக்கொண்டிருப்பாளோ என்று தோன்றும். இரக்கப்பட்டு அதிக நேரம் விட்டுவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதற்குப் பிறகு வந்த நோயாளிகளிடம் நேர விஷயத்தில் கண்டிப்பாக இருந்தேன். பார்க்க வந்தவர்களைச் சீக்கிரமே வெளியே அனுப்பினேன். அது பாடம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு அமுதா தோள் வலி என்று என் ஓ.பி.க்கு வந்தாள். தலை நரைத்திருந்தது. உட்கார்ந்ததும் ரம்யாவுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைச் சொன்னாள். நான் தோளை அசைத்துப் பார்த்தேன், மாத்திரை எழுதினேன். கிளம்புவாள் என்று பார்த்தால் கிளம்பவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா டாக்டரம்மா? கோச்சிக்கக் கூடாது."

"கேளு."

"அன்னிக்கு நான் போகாம மெஷின்லயே இருந்திருந்தா, இந்தக் கை நல்லா இருந்திருக்குமா?"

பல வருடமாக நானே என்னிடம் கேட்டுவந்த கேள்வி. "தெரியலம்மா. இருந்திருக்கலாம். அப்பவும் இப்படியே ஆகியிருக்கலாம். நெஜமாவே தெரியல," என்றேன். பிறகு, கேட்கிறவள் முன்னால் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றி, "அங்க உன்னை அவ்ளோ நேரம் விட்டிருக்கக் கூடாது. அதான் எனக்கு மனசுல இருக்கு," என்றேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அவ்ளோ நேரமா?" என்றாள். சேலை முந்தானையைச் சரி செய்துகொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"அந்த ஞாயித்துக்கெழம நான்தான் டாக்டரம்மா சீக்கிரம் கெளம்பலாம்னு சொன்னது. காலைல ரயிலு இருக்கு, வா வான்னு இழுத்துகினு வந்தேன். அவருக்கு இருந்து சாப்டுட்டு வரணும்னு ஆசை. வழியெல்லாம் அதுக்குச் சண்டை. அதைச் சொல்லி மன்னிப்பு கேக்கத்தான் நான் மேல வந்தேன். அவர் என்னடான்னா, சாப்டியா, கேண்டீனுக்கு லீவு சொல்லிட்டியா, ரம்யா காலேஜுக்குப் போறாளான்னு அதையே கேட்டுகினு இருந்தாரு. நானும் அதுக்கே பதில் சொல்லிகினு இருந்தேன். இதோ இப்ப சொல்லிடலாம், இப்ப சொல்லிடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீங்க போலாம் போலாம்னு வந்துட்டீங்க."

குரலில் கோபம் இல்லை. பஸ் தவறிப்போனதைச் சொல்வது போலச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள்.

மாத்திரைச் சீட்டை வலது கையால் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். நான் அவளை வாசல்வரை கொண்டுவிட எழுந்தேன். வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார். அவரை உள்ளே கூப்பிட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.